வியன்னாவுக்கு அழும் கண்கள்

தமிழில் ஒரு கட்டுரை இருக்கிறது. எழுதுபவர் பெயர் மாறும், இதழ் மாறும், கட்டுரை மட்டும் மாறாது. ஒல்லியான ஒருவன். வியன்னாக்காரன். 'காகித மனிதன்' என்று பட்டப்பெயர். தடுப்பாட்டக்காரர்கள் நடுவில் காற்றில் பறக்கும் தாள் மாதிரி நழுவிப் போவான். 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்குகிறார். நாஜிப் பெருந்தலைகள் முன்னால் ஓர் ஆட்டம். இவன் கோல் போட்டுவிட்டு அவர்கள் கண்ணெதிரே நடனமாடுகிறான். ஜெர்மனிக்கு ஆட மறுக்கிறான். அடுத்த ஜனவரியில் காதலியோடு ஓர் அறையில் செத்துக் கிடக்கிறான். கொலையா, தற்கொலையா, விபத்தா? கடைசிப் பத்தியில் கலைக்கும் அதிகாரத்துக்கும் நடக்கும் தீராத போராட்டம் பற்றி நாலு வரி. முற்றும். நண்பர்கள் குழுவில் இதயக்குறிகள் குவியும்.

மத்தியாஸ் சிண்டெலார் பெரிய ஆட்டக்காரர். அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. என் சண்டை இந்தக் கட்டுரையை எழுதுகிற, பகிர்கிற, படித்துவிட்டுத் தூக்கம் வராமல் புரள்கிற நம் கூட்டத்தோடு. ஒரே ஒரு கேள்வி. போனைத் தொடாமல் பதில் சொல்ல வேண்டும். ஒலிம்பிக் கால்பந்தில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் போட்ட தமிழர் யார்?

துளசிதாஸ் பலராமன். 1960, ரோம். ஆசியச் சாம்பியன் அணியின் முன்கள ஆட்டக்காரர். ஈஸ்ட் பெங்கால் அணியின் கேப்டன். அர்ஜுனா விருதாளர். 2023 பிப்ரவரி 16 அன்று, 86 வயதில், கொல்கத்தாவில் இறந்தார். அன்றைக்கு எத்தனை தமிழ் இரங்கல் கட்டுரை படித்தீர்கள் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். விரல் மிச்சமிருக்கும்.

ஓர் ஆட்டக்காரர் செத்த பிறகும் உயிரோடு இருப்பது அவர் போட்ட கோல்களால் மட்டும் இல்லை. அவருடைய மொழி அவரை எழுதினால்தான் இருப்பார். வியன்னா எழுதியது. நாம் எழுதவில்லை. எழுதாததோடு நிறுத்தாமல், அந்த மையை எல்லாம் வியன்னாவுக்கே கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

*

முதலில் சிண்டெலாரையே ஒழுங்காகப் பார்த்துவிடலாம். நாம் அழுவது யாருக்கு என்றாவது தெரிய வேண்டும் இல்லையா.

அவர் பிறந்தது வியன்னாவில் இல்லை. 1903இல், இன்றைக்குச் செக் நாட்டில் இருக்கும் மொராவியாவில், கோஸ்லோவ் என்ற கிராமத்தில். அப்பா கொத்தனார். பிழைப்புக்காக வியன்னாவின் ஃபாவொரிட்டன் பகுதிக்கு வந்த குடும்பம். செங்கல் சூளைத் தொழிலாளிகள் நிறைந்த வட்டாரம் அது. அப்பா முதல் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் சாகிறார். அம்மா துணி துவைத்துப் பிள்ளைகளை வளர்க்கிறார். பையன் தெருவில் ஆடி வளர்கிறான்.

பிறகு ஆஸ்திரியா வியன்னா கிளப். ஹூகோ மைஸ்ல் உருவாக்கிய 'அற்புத அணி'. 1931 மே மாதம் ஸ்காட்லாந்தை 5-0 என்று அடித்தார்கள். (கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்ததும் அதே 1931தான். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் வேறு ஏதோ புராண காலத்துக் கதை என்று நினைக்காமல் இருக்க உதவும்.) ஜெர்மனியை 6-0, பிறகு 5-0. 1934 உலகக் கோப்பையில் அரையிறுதி வரை போய் இத்தாலியிடம் 0-1 என்று தோற்றார்கள். சிண்டெலார் பழைய பாணி சென்டர் ஃபார்வர்டு மாதிரி கோல் முன்னால் முட்டிக்கொண்டு நிற்கவில்லை. பின்னுக்கு இறங்கி வருவார், பந்தை வாங்குவார், தன்னைத் துரத்தி வரும் தடுப்பாட்டக்காரனை இடத்தை விட்டு இழுப்பார், அந்தக் காலி இடத்துக்குள் மற்றவர்களை அனுப்புவார். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

அடுத்தது 1938 ஏப்ரல் 3. ஆஸ்திரியா 2, ஜெர்மனி 0. சிண்டெலார் ஒரு கோல் போட்டார், அது உண்மை. அந்த நடனத்தைத்தான் வரலாற்றாசிரியர்கள் பலர் சந்தேகிக்கிறார்கள். ஜெர்மன் அணிக்கு ஆடவில்லை, அதுவும் உண்மை. வயதையும் காயத்தையும் காரணமாகச் சொன்னார். அவருக்கு அப்போது 35.

நம் கட்டுரைகள் தாண்டிக் குதிக்கும் இடம் ஒன்று உண்டு. அதே 1938இல் சிண்டெலார் ஒரு காப்பிக்கடைக்கு முதலாளி ஆனார். அந்தக் கடை லியோபோல்ட் ட்ரில் என்ற யூதருடையது. யூதர்களின் சொத்துகளை 'ஆரியமயம்' ஆக்குகிறோம் என்று நாஜிகள் பிடுங்கிக்கொண்டிருந்த ஏற்பாட்டின் கீழ்தான் அது கை மாறியது. ட்ரில் பின்னால் தெரேசியன்ஷ்டாட் முகாமில் இறந்தார். சிண்டெலார் கொடுத்த விலை நியாயமா, நண்பருக்குச் செய்த உதவியா, கிடைத்ததை லாபம் என்று அமுக்கிக்கொண்டாரா என்று ஆஸ்திரியாவில் இதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்திருக்கிறது. 1939 ஜனவரி 23 அன்று நிகழ்ந்த மரணத்துக்கு அதிகாரபூர்வக் காரணம் கார்பன் மோனாக்சைடு, விபத்து. மற்றதெல்லாம் அதற்கு மேல் கட்டிய கோபுரம்.

கோபுரத்தைக் கட்டியது யார் என்பதுதான் எனக்கு முக்கியம். வியன்னாவின் காப்பிக்கடை எழுத்தாளர்கள். ஆல்ஃப்ரெட் போல்கர் அஞ்சலி எழுதினார். நாட்டை விட்டு ஓடிய யூதரான ஃப்ரீட்ரிஷ் டோர்பெர்க் கவிதை எழுதினார். நாடகம், கதை, வரி விமர்சனம் என்று எழுதிக்கொண்டிருந்த ஆட்கள், செங்கல் சூளைப் பேட்டையிலிருந்து வந்த ஒருவரின் காலைப் பார்த்து, இதுவும் நம்ம ஊர்க் கலைதான் என்று சொன்னார்கள். அப்புறம் வந்த தலைமுறை அந்தக் காப்பிக்கடைப் பத்திரத்தைத் தோண்டி எடுத்துக் கேள்வி கேட்டது. புகழ்ந்ததும் அவர்கள், குடைந்ததும் அவர்கள். நாம் அந்தப் புகழை மட்டும் இறக்குமதி செய்து, பொட்டலத்தைக்கூடப் பிரிக்காமல் பரிமாறுகிறோம்.

*

இனி மறக்க வேண்டாம் என்று சொன்ன விஷயம்.

பின்னுக்கு இறங்கி வரும் அந்த சென்டர் ஃபார்வர்டு யோசனை வியன்னாவோடு நின்றுவிடவில்லை. ஜிம்மி ஹோகன் என்ற ஆங்கிலேயப் பயிற்சியாளர் வியன்னாவில் மைஸ்லோடும், புடாபெஸ்டில் எம்.டி.கே. கிளப்பிலும் வேலை செய்தவர். பந்தைத் தரையில் வைத்து, சின்னச் சின்னப் பாஸ்களாக நெய்து போகும் ஆட்டம் அந்த டான்யூப் கரையில் வளர்ந்தது. 1953 நவம்பரில் ஹங்கேரி, லண்டன் வெம்ப்ளியில் இங்கிலாந்தை 6-3 என்று புரட்டிப் போட்டது. அன்று மூன்று கோல் அடித்த ஹிடேகுட்டி ஆடியது பின்னிறங்கிய சென்டர் ஃபார்வர்டாக. ஆங்கிலேயத் தடுப்பாட்டக்காரருக்கு அவரைத் துரத்துவதா, இடத்தைக் காப்பதா என்று கடைசி வரை புரியவில்லை.

அந்த ஹங்கேரியர்களைக் கவனித்துப் பாடம் எடுத்துக்கொண்டவர்களில் ஹைதராபாத்காரர் ஒருவரும் உண்டு. சையது அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியர். ஹைதராபாத் நகரப் போலீஸ் அணிக்கும் இந்திய அணிக்கும் பயிற்சியாளர். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் நம் ஆட்கள் பலர் வெறுங்காலோடு ஆடி யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்றிருந்தார்கள். நாலே வருஷத்தில், 1956 மெல்போர்னில், ரஹீமின் அணி ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரையிறுதிக்குப் போனது. ஒலிம்பிக் கால்பந்தில் ஆசிய நாடு ஒன்று அரையிறுதியைத் தொட்டது அதுதான் முதல்முறை. நெவில் டி'சூசா மூன்று கோல் அடித்தார். அந்த அணியில் இருபது வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவன்தான் பலராமன்.

1960 ஆகஸ்ட் 26. ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு முதல் ஆட்டம், எதிரில் ஹங்கேரி. ஹங்கேரிக்கு கோரோச் ஒன்று, ஃப்ளோரியான் ஆல்பர்ட் ஒன்று. ஆல்பர்ட் பின்னாளில் ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருது வாங்கியவர். ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது பலராமன் ஒரு கோலைத் திருப்பினார். 1-2. தோல்விதான். அடுத்து பிரான்சோடு 1-1 சமன்.

வியன்னாவில் பிறந்த யோசனை, புடாபெஸ்ட் வழியாக, ஒரு ஹைதராபாத் வாத்தியார் கை வழியாக, செகந்திராபாத் தமிழ்ப் பையன் காலுக்கு வந்து, ஹங்கேரியின் வலைக்குள்ளேயே போய் விழுந்தது. சிண்டெலாரின் பரம்பரையைத் தேடி நாம் விசா எடுக்கத் தேவையில்லை. ஆனாலும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

*

பலராமன் பிறந்தது 1936இல், செகந்திராபாத்தை ஒட்டிய அம்முகூடாவில். தமிழ்க் குடும்பம். கண்டோன்மென்ட், ரயில்வே, பட்டாளம் என்று பிழைப்பைத் தேடி வடக்கே போய்க் குடியேறிய தமிழர்கள் நிறைந்த ஊர் செகந்திராபாத். கோலார் தங்கவயல், பெங்களூர் கண்டோன்மென்ட், செகந்திராபாத் என்று இந்த மூன்று இடங்களையும் விட்டுவிட்டு இந்தியக் கால்பந்தில் தமிழர் கதையை எழுதவே முடியாது.

காலுக்குப் பூட்ஸ் வாங்க வீட்டில் வசதி இல்லை. போலீஸ்காரர்கள் தேய்த்துத் தூக்கிப்போட்ட பழைய பூட்ஸிலிருந்து, செருப்புத் தைப்பவர் ஒருவர் இரண்டு ரூபாய்க்கு ஒரு ஜோடி செய்து கொடுத்தார். ரஹீம் இவர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஹைதராபாத்துக்குப் பயிற்சிக்கு வரச் சொன்னபோது, தினமும் அவ்வளவு தூரம் வந்து போகக் காசு இல்லை என்றார். வாடகை சைக்கிளுக்கு நாளைக்கு ஒரு ரூபாய் கொடுத்தார் ரஹீம். இதெல்லாம் பலராமனே பேட்டிகளில் சொன்னது. இந்த ஒரு ரூபாய்க்கு மறுபடி வருவேன்.

1957இல் ஈஸ்ட் பெங்கால் அவரைக் கூட்டிக்கொண்டது. இடது ஓரம், உள் இடது, சென்டர் ஃபார்வர்டு என்று முன்வரிசையில் எங்கே போட்டாலும் ஆடுவார். இரண்டு காலும் பேசும். கோல் போடுவது போலவே கோல் போட வைப்பதிலும் கெட்டி. 1961இல் அவர் கேப்டனாக இருந்தபோது கல்கத்தா லீக் ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தது. அதே வருஷம் ஐ.எஃப்.ஏ. கேடயத்தை மோகன் பகானோடு பங்குபோட்டுக்கொண்டது. பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராமன் என்று மூவரையும் சேர்த்து மும்மூர்த்திகள் என்றார்கள். அப்படிச் சொன்னது வங்காளம், நாமில்லை.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா உள்ளே விடவில்லை. அதை இந்தியரான ஜி.டி. சோந்தி பகிரங்கமாகக் கண்டித்தார். ஊரே இந்தியாவுக்கு எதிராகத் திரும்பிவிட்டது. செப்டம்பர் 4 அன்று இறுதி ஆட்டத்தில் அரங்கம் நிறைய எதிர்க்குரல். எதிரில் தென் கொரியா. முதல் சுற்றில் இதே கொரியாவிடம் 0-2 என்று தோற்றிருந்தோம். தலையில் அடிபட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்களத்தில் இறக்கினார். பி.கே. ஒன்று, ஜர்னைல் ஒன்று. 2-1. தங்கம். கோலைக் காத்தது பீட்டர் தங்கராஜ். முன்வரிசையில் பலராமன். அணியில் இருந்த மற்ற பெயர்களையும் வாய்விட்டுப் படியுங்கள்: அருமைநாயகம், எத்திராஜ், சந்திரசேகர். ஆசியக் கால்பந்தின் உச்சியில் இந்தியா ஏறி நின்ற நாளில் அணிப் பட்டியல் பாதி நம்ம ஊர் ரேஷன் கார்டு மாதிரி இருந்தது.

அந்த வருஷமே அர்ஜுனா விருது. அடுத்த ஜூனில் புற்றுநோயால் ரஹீம் போய்விட்டார். பி.என்.ஆர். என்ற ரயில்வே அணிக்குப் போன பலராமனுக்கு நுரையீரல் உறையில் நோய் வந்து, ஆட்டம் 27 வயதோடு முடிந்தது. சிண்டெலாருக்கு 27 வயதில் அற்புத அணியே இன்னும் தொடங்கியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஏறக்குறைய அறுபது வருஷம். ரயில்வே வேலை, பயிற்சி கொடுப்பது, ஹூக்ளிக் கரையில் உத்தரபாரா ஊரில் வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சுனிக்கு 1983இல் பத்மஸ்ரீ, பி.கே.வுக்கு 1990இல் பத்மஸ்ரீ. மூன்றாமவருக்குக் கடைசி வரை இல்லை. அந்தக் காயத்தை அவர் மறைக்கவும் இல்லை. 2020இல் பி.கே.யும் சுனியும் அடுத்தடுத்துப் போனார்கள். மூன்று வருஷம் கழித்து இவரும்.

*

இதற்கு நம்ம ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியும். வரிசையாகவே எடுத்துக்கொள்ளலாம்.

'அவர் தமிழ்நாட்டுக்காரர் இல்லையே. பிறந்தது ஹைதராபாத், ஆடியது வங்காளம்.' சரி. சிண்டெலார் பிறந்தது மொராவியாவில், பேர் செக் பேர். அவரை வியன்னா விட்டுக்கொடுத்ததா? அது போகட்டும். பெரிய கம்பெனிக்கு ஒரு தமிழர் தலைமை அதிகாரி ஆனால், அவர் கலிஃபோர்னியாவில் இருந்தாலும், அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், அரை மணி நேரத்தில் அவர் தமிழராகிவிடுகிறார். படித்த பள்ளிக்கூடம், வாழ்ந்த தெரு, பாட்டி வீடு எல்லாம் தோண்டி எடுக்கப்படுகிறது. சான் ஃபிரான்சிஸ்கோ வரை நீளும் தமிழ்நாட்டு எல்லை செகந்திராபாத்தில் மட்டும் சுருங்குவது ஏன்?

'அவர் உலகத் தரம் இல்லை.' இரண்டு ஒலிம்பிக், இரண்டு ஆசிய விளையாட்டுப் போட்டி, ஒரு தங்கம், ஹங்கேரிக்கு எதிராக ஒரு கோல். இது பத்தாது என்றால் எது பத்தும் என்று எழுதிக் கொடுங்கள். அந்த அளவுகோலை நம் கவிஞர்களுக்கும் வைத்துப் பார்ப்போம். எத்தனை பேர் தேறுகிறார்கள் என்று தெரியும்.

'எழுத மூலங்கள் இல்லை.' இதுதான் எனக்கு உண்மையில் கோபம் வரும் பதில். மூலம் உத்தரபாராவில் உட்கார்ந்திருந்தது ஐயா. சென்ட்ரலில் ரயில் ஏறினால் ஹவுரா. அங்கிருந்து லோக்கல் ரயிலில் அரை மணி நேரத்துக்குள் உத்தரபாரா. தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு நின்றுகொண்டு போகும் தூரம்தான். அவர் ஆங்கில, வங்காளப் பத்திரிகைகளுக்கு மனம் திறந்து பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். போய்க் கதவைத் தட்டத் தமிழுக்கு அறுபது வருஷ அவகாசம் இருந்தது.

கடைசியாக ஒன்று உண்டு. யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ஆனால் அடியில் ஓடுவது இதுதான்: 'பலராமன் வாழ்க்கையில் அந்தச் சோகத்தின் கம்பீரம் இல்லை.' நாஜி இல்லை, மர்ம மரணம் இல்லை, பனி கொட்டும் ஐரோப்பிய நகரம் இல்லை. இருப்பது நுரையீரல் நோய், ரயில்வே ஆபீஸ், கிடைக்காத ஒரு பத்மஸ்ரீ, தனியாக ஒரு வீடு. ஒரு தேசத்தைச் சிகரத்துக்குத் தூக்கிய கால்கள், அடுத்த அறுபது வருஷம் காய்கறி வாங்கக் கடைக்கு நடந்தன. இதில் இலக்கியம் தெரியவில்லை என்றால் கோளாறு நம் கண்ணில். விஷவாயு நிரம்பிய அறையை எழுத யாராலும் முடியும், அறையே பாதி வேலையைச் செய்துவிடும். சும்மா கழிந்த அறுபது வருஷத்தை எழுதத்தான் எழுத்தாளன் வேண்டும்.

*

ஏன் இப்படி என்று யோசித்தால் எனக்கு ஒரே பதில்தான் கிடைக்கிறது. நம்ம இலக்கிய வாசகருக்குக் கால்பந்து ராத்திரி பதினொரு மணிக்கு லேப்டாப்பில் வருவது. இங்கிலீஷ் கிளப், இத்தாலியக் கோச், ஸ்பானியச் சொல். அது அறிவு. வியாசர்பாடியிலும், ரயில்வே காலனி மைதானத்திலும், கன்னியாகுமரிக் கடலோரம் தூத்தூரிலும் நடப்பது வேறு ஏதோ. அது வெறும் உடம்பு. உடம்பால் பிழைப்பவர்களை நாம் கதையில் பாத்திரமாகச் சேர்த்துக்கொள்வோம், மேதையாகச் சேர்த்துக்கொள்ள மாட்டோம். கண்டோன்மென்ட் தமிழர், ரயில்வே தமிழர், சுரங்கத் தமிழர் எல்லாரும் இந்த வேலியின் அந்தப் பக்கம்.

வேலி என்று சும்மா சொல்லவில்லை. தாம்பரத்துக்குத் தெற்கேயும் கிழக்கேயும் வந்து பாருங்கள். சேலையூர், மாடம்பாக்கம், மேடவாக்கம், பெருங்களத்தூர் பக்கமெல்லாம் கடைசிப் பத்துப் பதினைந்து வருஷத்தில் முளைத்திருப்பது இரண்டு. ஒன்று அப்பார்ட்மென்ட். இன்னொன்று டர்ஃப். பச்சை பிளாஸ்டிக் புல், நாலு பக்கமும் தலைக்கு மேலும் வலை, கண் கூசும் விளக்கு. இடத்தையும் நேரத்தையும் பொறுத்து மணிக்கு எண்ணூறு ரூபாயிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு வரை. ஐ.டி. ஆட்கள் நாங்கள் பத்துப் பேர் பங்குபோட்டு ஆடுகிறோம். அப்படி ஓர் ஆபீஸ் போட்டியில் எங்களோடு மோதிய ஓர் அணி தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'வுண்டர்டீம்'. சிண்டெலார் கட்டுரை படித்த புண்ணியவான் யாரோ வைத்தது. தொப்பை குலுங்க ஓடினார்கள், நாங்களும்தான். வலைக்கு வெளியே, பக்கத்துக் கட்டட வேலைக்கு வந்திருக்கும் குடும்பத்துப் பையன்கள் மூன்று பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்து வெளியே போனபோதெல்லாம் அதில் ஒருவன் வெறுங்காலால், திரும்பிக்கூடப் பார்க்காமல், வலைக்கு மேலே இருந்த இடைவெளி வழியாகச் சரியாக உள்ளே போட்டான். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. உள்ளே இருந்த எங்களில் ஒருவருக்கும் அது வராது. மணி முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

1950களில் பலராமனுக்குத் தேவைப்பட்டது மூன்று. சும்மா கிடந்த ஒரு மைதானம், பார்க்கத் தெரிந்த ஒரு கண், நாளைக்கு ஒரு ரூபாய். வலைக்கு வெளியே நிற்கிற பையனுக்கு முதல் இரண்டும் இல்லை. மூன்றாவது ஆயிரம் ரூபாய் ஆகிவிட்டது. தாம்பரம் 2021இல் மாநகராட்சி ஆனது. புறம்போக்கில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு திறந்தவெளிக்கும் ஏதாவது ஒரு 'திட்டம்' காத்திருக்கிறது. நடைபாதையும் நீரூற்றும் 'ஐ லவ்' எழுத்துப் பலகையும் வரும். பந்து விளையாடத் தடை என்ற போர்டும் கூடவே வரும். இதை எதிர்த்து மனு கொடுக்கப் போகிறவருக்கு ஒரு கதை வேண்டும். 'இப்படி ஒரு காலி மைதானத்திலிருந்துதான் ஆசியச் சாம்பியன் ஒருத்தர் வந்தார், நம்மாளு' என்று சொல்ல முடிய வேண்டும். அந்தக் கதையைத் தமிழில் எழுதி வைக்காதவர்கள் நாம். அந்த வகையில் போர்டு வைத்த கமிஷனருக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

கதை கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வங்காளம் சாட்சி. 1911இல் மோகன் பகான் வெறுங்காலோடு ஆங்கிலேயப் பட்டாளத்தை வென்ற நாள் ஜூலை 29. நூறு வருஷம் தாண்டியும் அதை 'மோகன் பகான் தினம்' என்று கொண்டாடுகிறார்கள். கல்கத்தா மைதானத்தில் கட்டடம் எழுப்ப எவராவது கை வைக்கட்டும், பார்க்கலாம். ரஹீமின் கதையைக்கூட 'மைதான்' என்று 2024இல் இந்திக்காரர்கள்தான் படமாக எடுத்தார்கள். நாம் எடுத்த கால்பந்துப் படம் 'பிகில்'. அதில் ஆட்டக்காரர்களை விட ஹீரோவுக்குத்தான் பந்து அதிகம் கிடைத்தது.

*

சிலை வைக்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை. சிலைக்கு மாலை போட வருஷத்துக்கு ஒருநாள் ஆள் வரும், மீதி நாள் காக்கா வரும். அஞ்சல் தலையும் வேண்டாம். இறந்த பிறகு பத்மஸ்ரீ கொடுத்தால் அது கொடுப்பவரின் மனசாட்சிக்குத்தான் மருந்து.

கேட்பது எழுத்து. பலராமன் போய்விட்டார், அந்தக் கதவு சாத்தியாகிவிட்டது. ஆனால் தென்னக ரயில்வே, ஐ.சி.எஃப்., துறைமுகம், சுங்கத்துறை, இந்தியன் வங்கி என்று நிறுவன அணிகளில் ஆடி ஓய்வுபெற்ற மனிதர்கள் இந்த நகரத்தில்தான் இருக்கிறார்கள். தாம்பரம் ரயில்வே காலனியைச் சுற்றிச் சாயங்காலம் நடக்கும் பெரியவர்களில் நாலு பேரை நிறுத்தி, 'நீங்க எந்த பொசிஷன் ஆடுனீங்க?' என்று கேட்டால் ஒருத்தராவது பதில் சொல்வார். உங்கள் கையில் இருக்கும் போனிலேயே ஒலிப்பதிவு செய்யலாம். அவரிடம் பழைய போட்டோ இருக்கும், ஒரு டிரங்குப்பெட்டியில். அவர் காலமாகும்போது மருமகள் அதைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தப் போட்டோவில் இருப்பது என்ன என்று யாரும் அவருக்கு எழுதிக் காட்டவில்லை.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராகச் சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன், பெங்களூர்க்காரர். 2023 ஆகஸ்ட்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானை வீழ்த்த ஈஸ்ட் பெங்காலுக்காக ஒரே கோலைப் போட்டவர் சென்னைப் பையன், நந்தகுமார் சேகர். அதே ஈஸ்ட் பெங்காலின் பழைய கேப்டன் பலராமன் இறந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அன்று ராத்திரி கொல்கத்தா முழுக்க அந்தத் தமிழ்ப் பெயரைக் கத்தியது. இங்கே அவரைப் பற்றி நல்லதாக ஒரு நீண்ட கட்டுரை எழுத இன்னும் நேரம் இருக்கிறது. ஆடிக்கொண்டிருக்கும்போதே எழுதலாம், தப்பில்லை.

அடுத்து தமிழில் ஒரு சிண்டெலார் கட்டுரை எப்படியும் வரும். வரட்டும். எழுதுபவரிடம் இரண்டே கோரிக்கை. அந்தக் காப்பிக்கடை லியோபோல்ட் ட்ரில்லிடமிருந்து வந்தது என்பதை எழுதுங்கள். எழுதி முடித்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஏரியா மைதானத்துக்கு, இன்னும் மைதானம் இருந்தால், ஒரு நோட்டோடு போங்கள்.